பானெட்டுக்கு ஒரு பூட்டு

அன்று மடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மடத்துக்குத் தலைவியான அம்மை. சமையல் பார்க்கும் சீனியம்மாள். வண்டி ஓட்டும் கொம்பையா. சாமான் கணக்குப் பார்க்கும் பூதலிங்கம். ஒரு நாயும் இருந்தது. அதைச் சேர்த்தால் ஐந்து.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. ஏழு பேர் உட்காரும் உயரமான டீசல் வண்டி. ஒருவர் புது வண்டி வாங்கியபோது இதை மடத்துக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது.

பூதலிங்கம் அம்மையின் முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு சங்கிலியும் புதுப் பூட்டும்.

"அம்மை, உத்தரவு வேணும்."

"எதுக்கு?"

"வண்டி பானெட்டைப் பூட்டணும்."

அம்மை பூட்டை வாங்கிப் பார்த்தார். நல்ல கனம்.

"சாவி எத்தனை?"

"மூணு."

"யார்கிட்ட இருக்கும்?"

"மூணும் என்கிட்ட."

அம்மை பூட்டைத் திருப்பிக் கொடுத்தார். உத்தரவு கொடுக்கவில்லை.

பூதலிங்கம் நூற்பாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு வாரம் இந்த மலையடிக்கு வந்து, தன்னைவிடப் பதினான்கு வயது இளையவரான அம்மையை வணங்கி, மனசு அடங்க வழி கேட்டார். அம்மை ஸ்டோர் ரூம் சாவியை அவர் கையில் கொடுத்தார். ஆறு வருஷம் ஆகிறது. மனசு இன்னும் அடங்கவில்லை. ஸ்டோர் ரூம் சுத்தமாக இருக்கிறது.

"யாரு மேல சந்தேகம்?" என்று கேட்டார் அம்மை.

"கொம்பையா மேல."

"என்ன செய்தாரு?"

"எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் குறையுது. அடிக்கடி ஊத்த வேண்டியிருக்கு. எங்க போகுதுன்னு தெரியல. மூணு ராத்திரி வண்டிக்கு அடியில அட்டை விரிச்சு வச்சேன். ஒரு சொட்டு இல்ல. கூலண்ட் டப்பாவுல சாக்பீஸால கோடு போட்டேன். நின்ன வண்டியில கோட்டுலயே நிக்குது. கொம்பையா எடுத்துட்டுப் போயிட்டு வந்தா ஒரு விரக்கடை இறங்கிருது."

"நீரு ஓட்டிப் பாத்தீரா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"சரி. அதனால?"

"தரை குடிக்கல. நின்ன வண்டி குடிக்கல. மிச்சம் இருக்கது ஒரு ஆளுதான்."

"அவரு அதை என்ன செய்வாரு? ரசம் வைப்பாரா?"

பூதலிங்கம் சிரிக்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பட்டறைக்காரனும் அவரும் கூட்டு. ரேடியேட்டரை மாத்தணும், பம்பை மாத்தணும்னு அவன் சொல்லுதான். இவரு தலையாட்டுதாரு. கமிஷன் இல்லாம யாரு தலையாட்டுவா? லாரி ஓட்டும்போது டீசல் வித்த ஆளு அம்மை இவரு. ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா சாவியைக் கொடுத்திருக்கீங்க?"

அம்மை பக்கத்தில் இருந்த தம்ளரை எடுத்து ஒரு வாய் நனைத்துக்கொண்டு கீழே வைத்தார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அந்த நேரத்துக்கு மலையடியில் பஸ் கிடையாது. அன்று திங்கட்கிழமை.

"எனக்கு உள்ள போன தண்ணி வெளிய வரல" என்றார் அம்மை. "அதுக்கு வெளிய போன தண்ணி எங்கன்னு தெரியல. நானும் அந்த வண்டியும் நல்ல ஜோடி."

"விளையாட்டு இல்ல அம்மை. நாளைக்கு நடு ரோட்டுல நின்னுட்டா? அவரு இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னிக்கே சொல்லிருங்க."

"ரெண்டுல ஒருத்தர் போகணும்ங்கீரு."

"ஆமா."

"பொழுது சாயட்டும். சொல்லுதேன். அதுக்குள்ள வேலை கெடக்கே."

பூதலிங்கத்துக்குப் புரிந்தது. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேல் குறை சொல்ல வந்தவர், அவரோடு சேர்ந்து ஒரு வேலையை முதலில் செய்து முடிக்க வேண்டும். முடித்த பிறகும் குறை மிச்சம் இருந்தால் சொல்லலாம். போன வருஷம் பருப்பில் கல் கிடந்ததென்று பூதலிங்கம் குறை சொல்லி, அவரும் சீனியம்மாளும் ஒரே பாய்க்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஓரம் தைத்தார்கள். பேச்சுவார்த்தை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. பாய் நன்றாக இருக்கிறது.

"எந்த வேலை அம்மை?"

"ஒழுக்கை அடைக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து. இங்கயே. பட்டறைக்காரன் கள்ளன்னு நீரே சொல்லிட்டீரு."

கொம்பையா வந்தார். தடித்த ஆள். நடையில் அவசரம் கிடையாது.

"கொம்பையா, வண்டிச் சாவியை எடும்."

எடுத்தார். அம்மை அதை வாங்கிப் பூதலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"சந்தேகம் இவருக்கு. சாவி இவர்கிட்ட இருக்கட்டும்."

கொம்பையா ஒன்றும் கேட்கவில்லை. அதுவே பூதலிங்கத்துக்குச் சந்தேகமாக இருந்தது. குற்றம் இல்லாதவன் ஏன் என்று கேட்பானே.

அம்மை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமர நிழலில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, ஓட்டுற சீட்டுல ஏறுங்க" என்றார் கொம்பையா. "கியரைத் தொடாதீங்க. சாவியை மட்டும் திருப்புங்க."

பூதலிங்கம் ஏறித் திருப்பினார். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. கொம்பையா பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே பானெட் சுவர் மாதிரி மறைத்துக்கொண்டது. கீழே நாலு விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு. அதன் வழியே கொம்பையாவின் சட்டை தெரிந்தது. கை தெரியவில்லை.

கையை என்ன செய்கிறான்?

பூதலிங்கம் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தார். கொம்பையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னவே செய்யுதீரு?"

"காத்திருக்கேன்."

"எதுக்கு?"

"சூடாகட்டும்னு. ஆறி நிக்கையில இது வாயைத் திறக்காது. சூடேறி உள்ள நெருக்கம் வந்தாத்தான் திறக்கும்."

நல்ல சாக்கு என்று பூதலிங்கம் நினைத்துக்கொண்டார். மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

நேரம் போயிற்று. சூடு காட்டும் முள் ஏறியது.

"ஆக்சிலேட்டரை மெல்ல மிதிங்க அண்ணாச்சி."

மிதித்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. கருப்பட்டிப் பாகு அடிப்பிடித்தது மாதிரி.

சமையலறையிலிருந்து சீனியம்மாளின் குரல் வந்தது. "என் அடுப்புல ஒண்ணும் தீயல! பிறகு என்னைச் சொல்லாதீங்க!"

"அண்ணாச்சி, இறங்கி வாங்க. நீங்களே பாருங்க."

பூதலிங்கம் குனிந்து பார்த்தார். சுழலும் விசிறிக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஹோஸ். அது பம்போடு சேரும் இடத்தில் ஒரு இரும்புக் கிளிப். கிளிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. விசிறிக் காற்று அதைப் பின்னால் தள்ளியது. கொதிக்கும் எஞ்சின் மேல் விழுந்து சுர்ரென்றது. போய்விட்டது.

அடுத்த சொட்டு திரண்டது. அதுவும் தரைக்கு வரவில்லை.

சுற்றிலும் எஞ்சின் மேல் வெளிறிய பச்சையில் பொருக்குத் தட்டியிருந்தது. இன்று நேற்று வந்த பொருக்கு இல்லை.

"நிக்கையில ஒழுகாது. ஓடுகையில ஒழுகினா கீழ விழாது" என்றார் கொம்பையா. "நானும் இத்தனை நாளா கீழயே பாத்துட்டு இருந்தேன் அண்ணாச்சி. பம்பு போச்சுன்னுதான் நினைச்சேன்."

பூதலிங்கம் நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கிளிப்பைத் தளத்தி விட்டது யாரு?"

கொம்பையா அவரைப் பார்த்தார்.

"துரு, அண்ணாச்சி."

"துரு எல்லாத்துக்கும் சாட்சி சொல்லும்."

நாற்காலியில் அம்மை கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

வண்டியை அணைத்தார்கள். பூதலிங்கம் ரேடியேட்டர் மூடியைப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். வெறும் தண்ணீரா, கூலண்டா. தோளில் கிடந்த துண்டை எடுத்து மூடி மேல் போட்டுக் கையை வைத்தார்.

"திறக்காதீங்க! முகம் வெந்துரும்."

"ஏன், உள்ள பாத்துருவேன்னா?"

"ஆறட்டும் அண்ணாச்சி. ஆறினப்புறம் தலையை விட்டே பாருங்க."

அம்மை கண்ணைத் திறந்தார்.

"பூதலிங்கம். அவரு பொய் சொல்லுதாருன்னா திறந்துர வேண்டியதுதானே?"

பூதலிங்கத்தின் கை மூடியின் மேல் இருந்தது. துண்டைத் தாண்டிச் சூடு உள்ளங்கைக்கு வந்தது. கொம்பையா இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

பூதலிங்கம் கையை எடுத்துவிட்டார்.

பிறகு அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்றால் ஏன் எடுத்தேன்? இப்போது அவருக்குத் தன் மேலேயே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

எஞ்சின் ஆறும்வரை இருவரும் வேப்பமரத்து வேரில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

"கேக்கேன்னு நினைக்காதேயும்" என்றார் பூதலிங்கம். "டீசல் வித்தது உண்டா, இல்லையா?"

"உண்டு."

இவ்வளவு சுளுவாக வருமென்று பூதலிங்கம் எதிர்பார்க்கவில்லை.

"எத்தனை தடவை?"

"முதல்ல ரெண்டு தடவை. முதலாளிக்குத் தெரிஞ்சு டாங்கிக்குப் பூட்டுப் போட்டாரு."

"அதோட நின்னுதா?"

"அதுக்கப்புறம்தான் நிறைய வித்தேன்."

"எப்படிவே?"

"சாவி முதலாளி மச்சான்கிட்ட இருந்துது."

பூதலிங்கம் மடியில் கிடந்த பூட்டையும் சங்கிலியையும் எடுத்து வேரின் மேல் வைத்தார்.

"இங்க?"

"இங்க டாங்கி மூடியே ஒழுங்கா நிக்காது அண்ணாச்சி. துணி சுத்தி அழுத்தி வச்சிருக்கேன். நீங்க பாத்ததில்லையா?"

பூதலிங்கம் பார்த்ததில்லை. அவர் கூலண்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஆறியது. மூடியைத் திறந்தார்கள். உள்ளே பச்சையாகத்தான் இருந்தது. பூதலிங்கம் விரலை விட்டு நிறம் பார்த்து, துண்டில் துடைத்து, வெயிலில் தூக்கி மறுபடி பார்த்தார். கூலண்ட்தான்.

அதை வடித்தெடுக்கக் குண்டான் கேட்டார்கள். சீனியம்மாள் கொண்டுவந்து தள்ளி நின்று நீட்டினாள்.

"இது இனி சமையலுக்கு ஆகாது. கணக்குல எழுதிக்கிடும் அண்ணாச்சி. பிறகு குண்டான் எங்கன்னு என்கிட்ட கேக்கப்பிடாது."

"நாயைக் கெட்டும்மா" என்றார் கொம்பையா. "இது இனிச்சுக் கெடக்கும். நக்கினா செத்துப்போகும்."

நாயைக் கட்டினார்கள். கூலண்ட் குண்டானில் இறங்கியது. பூதலிங்கம் கடைசிச் சொட்டு வரை பார்த்துவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். சாவி அதன் துளையிலேயே இருந்தது. சாவியை விட்டுத் தள்ளி நிற்க அவருக்கு மனமில்லை.

இடுக்கு வழியே பார்த்தார். கொம்பையா சட்டைக் கையை மடக்கினார். விசிறியின் இரண்டு இலைகளுக்கு நடுவே கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போயிற்று. கிளிப்பின் திருகு பின்னால் இருந்தது. தடித்த கை. இலை தோலைச் சீய்த்தது. ஒருதரம் ஸ்ஸ் என்றார். கையை எடுக்கவில்லை.

என்ன செய்கிறான் என்று சரியாகத் தெரியவில்லை. பூதலிங்கம் இன்னும் முன்னால் சாய்ந்தார். நெஞ்சு ஸ்டியரிங்கில் அழுந்தியது.

ஹாரன் அலறியது.

வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. நாய் குரைத்தது. அம்மை நாற்காலியில் நிமிர்ந்தார். பூதலிங்கம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சீட்டோடு ஒட்டிப்போனார்.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து கொம்பையாவின் குரல் வந்தது.

"ஹாரன்தானே. நல்லா வேலை செய்யுது."

கை விசிறிக்குள்ளேயே இருந்தது.

பூதலிங்கம் சாவியைப் பார்த்தார். அவர் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். ஒரு திருப்பு. ஆலையில் அவர் பார்த்திருக்கிறார், சுழலும் ஒன்றுக்குள் கை போனால் என்ன ஆகும் என்று. அவரே அதைப் பற்றி எழுதி மேலே அனுப்பியிருக்கிறார்.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

"கொம்பையா. சாவி என்கிட்ட இருக்குன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"சாவியை வாங்கி வச்சுக்கிட்டுல்லா கையை விடணும்? லாரிக்காரனுக்கு இது தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி."

"பிறகு ஏன் கேக்கல?"

"கேட்டா தந்திருப்பீங்களா?"

பூதலிங்கம் தந்திருக்க மாட்டார். எதுக்கு என்று கேட்டிருப்பார்.

கொம்பையா கையை வெளியே இழுத்தார். கோடு கோடாகக் கீறல். இரண்டில் ரத்தம் பொடித்திருந்தது.

"திருகு நுனிவிரலுக்குத் தட்டுப்படுது. பிடிக்க முடியல. என் கை ஆகாது போல."

பூதலிங்கம் தன் கையைப் பார்த்தார். ஒல்லிக் கை. எழுதுகிற கை.

கொம்பையாவின் சட்டைப் பையில் சாவியைப் போட்டார். அதன் பித்தானையும் மாட்டிவிட்டார்.

"தள்ளும்வே."

கையை விட்டார். இலைகளின் ஓரம் இரண்டு பக்கமும் உரசியது. இரும்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. விரல் திருகைத் தொட்டது. ஸ்பேனரை மாட்டினார். அரைச் சுற்று. எடுத்து மறுபடி மாட்டினார். அரைச் சுற்று.

"வருதா அண்ணாச்சி?"

"வருது."

கன்னம் ரேடியேட்டர் மேல் அழுந்தியிருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கறுத்த இரும்பு. கொம்பையா தெரியவில்லை.

காலடிச் சத்தம் நகர்ந்தது. வண்டியின் பக்கவாட்டில் போயிற்று.

கதவு திறந்தது.

சீட் கிறீச்சிட்டது.

பூதலிங்கம் ஸ்பேனரைத் திருப்புவதை நிறுத்தினார். சாவி அவன் பையில். நான்தான் போட்டேன். பித்தானும் நான்தான் மாட்டினேன். காலையில் நான் என்ன சொன்னேன்? ரெண்டுல ஒருத்தர் போகணும். அம்மை சொல்லியிருப்பாரா? இவனுக்குத் தெரியுமா?

எங்கவே போறீரு என்று கேட்க வாய் திறந்தார். கையை வெளியே இழுக்க வேண்டும். ஒரு நொடி போதும். இலைகள் மணிக்கட்டில் அழுந்தின.

இவ்வளவு நேரம் அவன் கை இங்கேதான் இருந்தது. நான் அங்கே இருந்தேன்.

பூதலிங்கம் வாயை மூடிக்கொண்டார். ஸ்பேனரைத் திரும்ப மாட்டினார். அரைச் சுற்று.

"இந்தாங்க" என்றது குரல், காதுக்குப் பக்கத்தில். "டார்ச் டேஷ்போர்டுக்குள்ள கெடந்துது. பிடிக்கட்டுமா?"

வெளிச்சம் வந்தது. திருகு தெரிந்தது.

"அண்ணாச்சிக்கு என்ன இப்படி வேர்த்திருக்கு?"

"வெயிலு."

"நெழல்லல்லா நிக்கோம்."

"பேசாம வெளிச்சத்தைப் பிடியும்வே."

கிளிப் கையோடு வந்தது. துரு தின்று ஒரு பக்கம் நூலாகியிருந்தது. ஹோஸின் நுனி காய்ந்து வெடித்திருந்தது. வெடித்த பாகத்தை ஒரு விரக்கடை அறுத்து எறிந்தார்கள். மிச்சம் இருந்த நீளம் போதுமானதாக இருந்தது. இழுத்துப் பம்பில் மாட்டினார்கள். கொம்பையா தன் தகரப் பெட்டியிலிருந்து புதுக் கிளிப் ஒன்றை எடுத்தார்.

"இது ஏது?" என்றார் பூதலிங்கம். பழக்க தோஷம்.

"பழைய முதலாளி லாரியில இருந்து சுட்டதுன்னு சொன்னா உங்களுக்குத் திருப்தியா இருக்குமா?"

நாற்காலியில் அம்மை சத்தமாகவே சிரித்துவிட்டார்.

பூதலிங்கம் கையை விட்டு இறுக்கினார். கூலண்டைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றினார்கள். குறைந்ததற்குக் கேனிலிருந்து சேர்த்தார்கள். பூதலிங்கம் டப்பாவில் புதிதாகச் சாக்பீஸ் கோடு போட்டார். இந்தத் தரம் கொம்பையா ஓட்டும் சீட்டில் ஏறினார். பையின் பித்தானைக் கழற்றிச் சாவியை எடுத்து மாட்டினார். திருப்பவில்லை. தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணாச்சி, ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுங்க."

பூதலிங்கம் விசிறியை விட்டு விலகி வந்து, அவர் கண்ணில் படும்படி நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.

"போலீஸ் பிடிச்ச மாதிரில்லா நிக்காரு!" என்றாள் சீனியம்மாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அவரைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

வண்டி ஓடியது. முள் ஏறியது. பூதலிங்கம் குனிந்து கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு திரளவில்லை. வாடை வரவில்லை. மிதிக்கச் சொன்னார். கொம்பையா மிதித்தார். வரவில்லை. அணைத்து, ஆறவிட்டு, கோட்டைப் பார்த்தார். கோட்டிலேயே நின்றது.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அம்மை கூப்பிட்டார். இருவரும் போய் நின்றார்கள். இருவர் கையிலும் கீறல் இருந்தது. இருவருக்கும் வலது கையில்.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு அம்மை" என்றார் பூதலிங்கம்.

"நம்புதீரா?"

"நாளைக்குப் போயிட்டு வந்து கோட்டைப் பாத்துத்தான் சொல்லணும்."

"அது சரி. காலையில ஒண்ணு சொன்னீரு. ரெண்டுல ஒருத்தர் போகணும்னு."

கொம்பையா தரையைப் பார்த்தார். இதை அவர் இப்போதுதான் கேள்விப்படுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சொன்னேன்" என்றார் பூதலிங்கம்.

"யாரு?"

பூதலிங்கம் வண்டி பக்கம் நடந்தார். ஸ்பேனர், டார்ச், துணி, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகரப் பெட்டியில் அதனதன் இடத்தில் வைத்தார். குண்டானைக் கழுவிக் கவிழ்த்தார். நாயை அவிழ்த்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொம்பையாவிடம் கொடுத்தார்.

"காலையில எத்தனை மணிக்கு எடுக்கணும்?" என்று கொம்பையாவிடம் கேட்டார்.

"நாலரை, அண்ணாச்சி."

"நானும் வாரேன்."

அம்மை அவரைப் பார்த்தார். ஆலையில் ஒரு வழக்கம் இருந்ததென்று பூதலிங்கமே அவரிடம் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்ததும் ஸ்டோர் கீப்பர் மிச்சத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"மிச்சம் ஏதும் உண்டா, பூதலிங்கம்?"

பூதலிங்கம் வேப்பமரத்து வேரைத் திரும்பிப் பார்த்தார்.

"உண்டு அம்மை. சங்கிலி ஒண்ணு. பூட்டு ஒண்ணு. சாவி மூணு."